இனிக்குது

எங்கள் நிறுவனத்தின் ஆண்டறிக்கையில், இரண்டு வருடத்துக்கு முந்தையதில், நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு பெண்ணின் படம் இருக்கிறது. தலையில் நீலத் தொப்பி, கையில் பழைய போன்கள் நிரம்பிய கூடை. சிரிக்கச் சொன்னார்கள், சிரித்திருக்கிறாள். படத்துக்குக் கீழே நான்கு வரி. எழுதியவன் நான். ‘பூமியைக் காக்கும் கரங்கள்’ என்று தலைப்பு வைத்தவனும் நானே. அவள் செய்தது கையால் செய்கிற வேலையே இல்லை, மூக்கால் செய்கிற வேலை. மூக்கு என்று எழுதினால் படிக்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று மேலாளர் சொன்னார். சரி என்று கரங்கள் ஆக்கினேன். மேலாளர் சொன்னால் மூக்கைக் கையாக்குவது எனக்குப் பெரிய விஷயமில்லை.

அந்த நான்கு வரியில் விட்டதை இங்கே எழுதுகிறேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. அதனால்தான் எழுத வருகிறது என்று நினைக்கிறேன்.

அவளை எல்லோரும் மூக்கக்கா என்போம். எங்கள் தொழிலைச் சொன்னால்தான் அந்தப் பெயர் புரியும். போன் விற்கும் பெரிய நிறுவனங்கள், தாங்கள் விற்ற எடையில் இத்தனை பங்குக்குப் பழைய போன்களைத் திரும்ப வாங்கி முறையாக அழிக்க வேண்டும் என்று அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. நல்ல சட்டம்தான், அதைக் குறை சொல்ல மாட்டேன். பெரிய நிறுவனம் தானே உட்கார்ந்து அழிக்குமா? அழிக்கிறவர்களிடம் சான்றிதழ் வாங்கும். அழிக்கிறவர்கள் நாங்கள். ஊருக்கு வெளியே தகரக் கூரை போட்ட மூன்று கொட்டகைகள். முதலாவதில் லாரி வந்து கொட்டும், தரம் பிரிப்பார்கள். இரண்டாவதில் பேட்டரியைக் கழற்றுவார்கள். மூன்றாவதில் அரவை மிஷின். பேட்டரி போன போன்கள் கூடை கூடையாக அதன் வாயில் விழுந்து, அடியில் பொடியாக வெளியே வரும். பொடியை எடை போட்டு நான் படிவம் நிரப்புவேன். அந்தப் படிவத்தைக் காட்டித்தான் புதுப் போன் டப்பாவில் ஒரு பச்சை இலை அச்சடிக்கிறார்கள்.

நாள் முழுக்கப் படிவம் நிரப்புவதால் எனக்கு அங்கே ‘படிவம்’ என்றே பெயர். படிவம் சாப்பிட்டாச்சா, படிவத்துக்குக் காய்ச்சலாம் என்றுதான் பேசுவார்கள். மூக்கக்கா மட்டும் தம்பி என்பாள்.

பேட்டரி கழற்றும் கொட்டகையில் இரண்டு பயம் உண்டு. ஒன்று, வீங்கிப்போன பேட்டரி. அதற்குப் ‘புள்ளத்தாச்சி’ என்று பெயர். புள்ளத்தாச்சி கையில் வந்தால் குத்தாமல், அழுத்தாமல், இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு போய் மணல் பெட்டியில் படுக்க வைப்பார்கள். வயிறு கண்ணுக்குத் தெரியும் என்பதால் அது பெரிய பயமில்லை. இரண்டாவதுதான் பொல்லாதது. வெளியே ஒழுங்காக இருந்து உள்ளுக்குள் கிழிந்து ஒழுகும் பேட்டரி. இப்போதைய போன்களில் பேட்டரியைப் பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். அவசரத்தில் நெம்பினால் பாதி கிழிந்து உள்ளேயே தங்கிவிடும். அது அரவைக்குள் போனால் தீ. கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் தெரியாது, வாடை மட்டும் வரும். நகப்பூச்சு டப்பாவைத் திறந்ததுபோல் மெல்லிய ஒரு தித்திப்பு வாடை.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அக்கா அங்கே பெருக்குகிற வேலைக்கு வந்தாள். வந்த மூன்றாவது வாரம், அடுக்கி வைத்த கூடைகளுக்குப் பக்கத்தில் துடைப்பத்தோடு நின்றுவிட்டு, இங்க ஏதோ இனிக்குது என்றாள். வாடை எப்படி இனிக்கும் என்று மேற்பார்வையாளர் சிரித்தார். கால் மணி நேரத்தில் அந்தக் கூடை புகைந்தது. சிரித்தவர் நன்றாக மூக்குடைபட்டார். மறுநாளே துடைப்பத்தை வாங்கிக்கொண்டு, இரண்டாம் கொட்டகைக்கும் மூன்றாம் கொட்டகைக்கும் நடுவில் ஒரு முக்காலி போட்டு அவளை உட்கார வைத்தார்கள். ஒவ்வொரு கூடையும் அவள் முன்னால் நிற்கும். அவள் குனிந்து மோந்து, போகட்டும் என்பாள். எப்போதாவது ‘இனிக்குது’ என்பாள். அந்த ஒரு சொல்லுக்கு மொத்தக் கொட்டகையும் நிற்கும். பேசிக்கொண்டிருந்தவன் வாயை மூடுவான், மிஷினை அணைப்பார்கள், கூடையை வெளியே தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்.

அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்காதே என்று அவளிடம் மட்டும் யாரும் சொல்ல முடியாது, மூக்கை நுழைக்கத்தான் அவளுக்குச் சம்பளம். வீட்டிலும் அப்படித்தான். அவள் வீட்டுக்காரர் லாரியில் சுமை ஏற்றி இடுப்பு போனவர், நிமிர்ந்து நிற்கவே சுவரைப் பிடிப்பார். வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் போய் ஒளிந்து ஒரு சிகரெட் பிடித்திருந்தால்கூட, வேலை முடிந்து வரும்போது வாசலிலேயே கேட்டுவிடுவாள். ஒண்ணா ரெண்டா என்பதுவரை சொல்லுவாள். அவரே இதை எங்களிடம் பெருமையாகச் சொல்லிச் சிரிப்பார்.

ஆறு வருடத்துக்கு முன்னால் அக்கா தன் நாத்தனாரையும் வேலைக்கு அழைத்து வந்தாள். வீட்டுக்காரரின் தங்கை. அப்போது அந்தப் பெண்ணுக்கு இருபது வயது, வாய் ஓயாத பெண். அண்ணனுக்கு இடுப்பு போனபின் வீட்டில் உழைக்கிற உடம்பு இந்த இரண்டு பெண்கள்தான். அந்தப் பெண்ணை அரவை மிஷினில் கூடை கவிழ்க்கும் இடத்தில் நிறுத்தினார்கள். தங்கச்சியை நெருப்பு மூட்டுற இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறாயே என்று வீட்டுக்காரர் சத்தம் போட்டிருக்கிறார். அக்கா சொன்ன பதில் கொட்டகை முழுக்கத் தெரியும். நாத்தனாரே ஆயிரம் தடவை நடித்துக் காட்டியிருக்கிறாள்.

“எம் மூக்கு இருக்குற வரைக்கும் இவளுக்கு ஒண்ணும் ஆகாது.”

மூக்கு இல்லாமல் போனது மூன்று வருடத்துக்கு முன்னால். இதை அவள் எனக்குச் சொன்னது எல்லாம் முடிந்த பிறகுதான். ஒரு காலையில் அடுப்பில் பால் வைத்துவிட்டு, பக்கத்திலேயே நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். கொல்லையிலிருந்து நாத்தனார் ஓடி வந்து, அண்ணி பால் தீயுது, பக்கத்துல நின்னுக்கிட்டு என்ன பண்றீங்க என்று அடுப்பை அணைத்தாள். பாத்திரம் கரியாகிவிட்டது. சளி என்றாள் அக்கா. உங்க மூக்குக்குக்கூட சளி புடிக்குமா என்று அந்தப் பெண் சிரித்துவிட்டுப் போனாள். அக்கா கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் இருந்த ஒவ்வொன்றையும் எடுத்து மோந்து பார்த்தாள். சோப்பு, தீக்குச்சி, கழிவறைக்கு ஊற்றும் மருந்து, வீட்டுக்காரரின் அழுக்குச் சட்டை. எதுவும் வரவில்லை.

“வீட்டுக்குள்ள யாருமே இல்லாத மாதிரி இருந்துச்சு தம்பி,” என்றாள்.

அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் முக்காலி போய்விடும், அந்தக் குடும்பம் நடுத்தெருவுக்கு வரும். கொஞ்ச நாளில் திரும்பிவிடும் என்றும் நம்பினாள். மோப்பம் பிடிப்பதுபோல் குனிந்துகொண்டு கண்ணாலும் விரலாலும் தேடக் கற்றுக்கொண்டாள். வீக்கம் இருக்கிறதா, ஈரம் பிசுபிசுக்கிறதா, கண்ணாடி மேலெழும்பியிருக்கிறதா. சந்தேகம் வந்தால் ‘இனிக்குது’ என்பாள். பிரித்துப் பார்த்தால் பாதி தடவை ஏதாவது இருக்கும். பார்த்தியா அந்த மூக்க என்று எல்லோரும் தலையில் தூக்கி வைத்து ஆடினோம். ஆண்டறிக்கைக்குப் படம் எடுத்த அன்று அந்த மூக்கு செத்து ஆறு மாதம்.

வீட்டுக்காரர் மட்டும் ஒரு மாற்றத்தைக் கவனித்தார். வாசலில் கேள்வி கேட்பதை அவள் நிறுத்திவிட்டாள். இவனைத் திருத்த முடியாது என்று விட்டுவிட்டாள்போல என்று சந்தோஷப்பட்டு, வீட்டுக்குள்ளேயே சிகரெட் பிடிக்க ஆரம்பித்தார்.

அந்த மூக்கு சாவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் இன்னொரு மூக்கு வந்தது. பேட்டரி கையாளும் ஒவ்வொரு கொட்டகையிலும், காற்றில் பேட்டரி ஒழுகும் ஆவி கூடினால் மணியடிக்கும் ஒரு கருவி இருக்க வேண்டும் என்று அரசாங்கம் புது விதி போட்டது. கருவி வந்து அக்காவின் முக்காலிக்கு மேலே சுவரில் ஏறியது. பச்சை விளக்கு எரிந்தால் காற்று சரி, சிவப்பு எரிந்து மணி அடித்தால் எல்லோரும் வெளியே போக வேண்டும். பொறுப்பைப் பங்கு போட ஆள் வந்தாச்சுக்கா என்று கிண்டல் செய்தார்கள்.

மாட்டிய நாளிலிருந்து அது அடித்துக்கொண்டே இருந்தது. காலையில் அடிக்கும், மத்தியானம் அடிக்கும், ஜன்னலைத் திறந்து வைத்தாலும் அடிக்கும். ஒரு மாதத்தில் நாற்பது தடவை வேலை நின்றது, எடை பாதியாகிவிட்டது. இது பொய் மணி அடிக்கிறது என்றார் மேலாளர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மின்சாரம் பார்க்கிறவரை வரவழைத்து, உள்ளே இருந்த விரல்நுனி அளவு சென்சாரைக் கழற்றி எறிந்துவிட்டு, பச்சை விளக்கை மட்டும் நேராக மின்கம்பியில் இணைக்கச் சொன்னார். திங்கட்கிழமை, பழுது பார்த்தாச்சு என்று சொன்னோம். அதற்கப்புறம் அது வாயே திறக்கவில்லை. இப்போது யோசித்தால், அந்தக் கொட்டகையில் உண்மை பேசியது அது ஒன்றுதான். காற்று நிஜமாகவே கெட்டுப்போயிருந்தது. அந்தக் காற்றைத்தான் அக்கா ஒன்பது வருடமாகக் குனிந்து குனிந்து இழுத்தாள்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த ஞாயிற்றுக்கிழமை ஏணியைப் பிடித்தவன் நான்.

படிவத்தில் கேள்வி இப்படி இருக்கும்: ‘கருவி பொருத்தப்பட்டுள்ளதா?’ பொருத்தப்பட்டுத்தான் இருந்தது. ஆம் என்று எழுதினேன். வேலை செய்கிறதா என்று கேள்வி இல்லை. இல்லாத கேள்விக்கு நான் ஏன் பதில் எழுத வேண்டும்? வருடம் ஒரு தடவை, முன்கூட்டியே சொல்லிவிட்டு ஒரு ஆய்வாளர் வருவார். பச்சையைப் பார்ப்பார், அவரும் ஆம் போடுவார். எனக்கு உறுத்தவில்லையா என்றால், பெரிதாக இல்லை. மூக்கக்கா இருக்கிறாளே என்று நினைத்துக்கொள்வேன்.

போன வருடக் கடைசியில், நவம்பர் மாதம், அக்கா என் மேஜைக்கு வந்தாள். நாத்தனாரை அரவையிலிருந்து முதல் கொட்டகைக்கு மாற்ற ஒரு மனு எழுதித் தரச் சொன்னாள். காரணம் கேட்டேன். தூசி ஒத்துக்கல என்றாள். எழுதிக் கொடுத்தேன். மேலாளர் படித்துக்கூடப் பார்க்கவில்லை. வருடம் முடிவதற்குள் எடைக் கணக்கை நிரப்பாவிட்டால் பெரிய நிறுவனத்துக்குச் சட்டப்படி அபராதம் விழும், நம் ஒப்பந்தம் போகும், இருக்கிறதிலேயே வேகமாகக் கூடை கவிழ்க்கிற பெண்ணை மாற்றச் சொல்கிறாயே என்று என்னைத்தான் காய்ச்சி எடுத்தார். அந்தப் பெண்ணும் போக மாட்டேன் என்றாள். உங்க கண்ணு முன்னாடிதானே அண்ணி நிக்கிறேன், இதவிட பத்திரமான எடம் எது என்று கேட்டாளாம்.

மறுநாள் அக்கா திரும்ப வந்தாள். இந்தத் தடவை உட்காரவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“தம்பி, என் தலைக்கு மேல இருக்குற அந்தப் பச்சை லைட்டு… அது வேலை செய்யுதுல்ல?”

“செய்யுதுக்கா,” என்றேன்.

ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. படிவத்தில் எழுதி எழுதிப் பழகிய பதில் அது. அவள் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். சரி தம்பி என்று சொல்லி, என் தண்ணீர் பாட்டிலை எடுத்து இரண்டு வாய் குடித்துவிட்டுப் போனாள். ஏன் கேட்கிறாள் என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. நான் அவள் மூக்கை நம்பினேன், அவள் என் வாயை நம்பினாள்.

டிசம்பர் இருபத்தொன்பது. காலை பதினொரு மணி இருக்கும். எடை இன்னும் நான்கு டன் குறைந்ததால் மூன்று லாரி கூடுதலாக வந்திருந்தது. எல்லாம் மெல்லிசு போன்கள், பசை போட்டு ஒட்டியவை. கழற்றுகிறவர்களை விரட்டிக்கொண்டே இருந்தார்கள். நான் கையெழுத்து வாங்க ஒரு கட்டுக் காகிதத்தோடு இரண்டாம் கொட்டகை வழியாக மூன்றாவதுக்குப் போனேன். அக்காவுக்கு முன்னால் ஒரு சிவப்புக் கூடை நின்றது. நான் அதைத் தாண்டினேன்.

எனக்கு வாடை வந்தது. மெல்லிசாக, நகப்பூச்சு மாதிரி, தித்திப்பாக. தெளிவாக வந்தது. அக்கா அதே கூடையின் மேல் குனிந்திருந்தாள். அவளே குனிந்திருக்கும்போது நான் என்ன சொல்வது? அவள் சொல்லட்டும் என்று நடந்தேன். எனக்கு மட்டுமில்லை. கூடையைத் தூக்கி வைத்தவனுக்கு வந்திருக்கிறது. எதிர் மேஜையில் கழற்றிக்கொண்டிருந்த இரண்டு பேருக்கு வந்திருக்கிறது. ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம், இனிக்குற மாதிரி இல்லையா என்றுகூடக் கேட்டிருக்கிறாள். அக்கா ஒண்ணும் சொல்லலியே என்றாளாம் மற்றவள். பன்னிரண்டு வருடமாக அந்தச் சொல்லை அக்கா ஒருத்திதான் சொல்லுவாள். எங்கள் முகத்தில் இருந்த மூக்கை நாங்கள் யாரும் ஒரு பொருட்டாக மதித்ததில்லை.

அக்கா விரலால் நான்கைந்து போன்களைத் தள்ளிப் பார்த்தாள். வீக்கம் இல்லை, ஈரம் இல்லை. நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். பச்சை.

“போகட்டும்,” என்றாள்.

நாத்தனார் கூடையை வாங்கி, ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே அரவையின் வாயில் கவிழ்த்தாள். தீ மேல்நோக்கி வந்தது. அதற்கு மேல் அதை எழுத எனக்கு விருப்பமில்லை. முதலில் ஓடியது அக்கா என்று மட்டும் எழுதுகிறேன். கையில் கிடைத்த சாக்கைப் போட்டு அணைத்தாள், தீ விட்டபிறகும் அடித்துக்கொண்டே இருந்தாள், இரண்டு பேர் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. தீ அரவையிலிருந்து பரவி, இரண்டாம் கொட்டகையின் பாதியும் சுவரில் இருந்த கருவியும் எரிந்துபோயின.

மருத்துவமனையில் மூன்றாம் மாடியில் தனி அறை. இரண்டாவது வாரம் புண்ணில் சீழ் பிடித்தது. வாடை நடைவழி வரைக்கும் வந்தது. வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வருவார், முகத்தில் துண்டைப் பொத்திக்கொண்டு அழுவார், உள்ளே கால் வைக்க முடியாது. உறவுக்காரர்கள் வாசலில் நின்று நலம் விசாரித்துவிட்டுத் திரும்பினார்கள். தாதிகூட இரண்டு முகமூடி போட்டுக்கொண்டு மளமளவென்று மருந்து வைத்துவிட்டு ஓடிவிடுவாள். அக்கா மட்டும் உள்ளேயே இருந்தாள். கட்டிலோடு ஒட்டி உட்கார்ந்து, தலையை மாற்றி வைத்து, ஸ்பூனால் தண்ணீர் கொடுத்து, எல்லாம் செய்தாள். என்ன பாசம், பெற்ற தாய்கூட இப்படி உட்கார மாட்டாள் என்று எல்லோரும் மூக்கின் மேல் விரலை வைத்தார்கள்.

படுத்திருக்கிறவளுக்குக் கண் தெரியும் அல்லவா? வாசலில் வந்து நிற்கிற முகங்கள் எப்படிச் சுளிக்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கே தன் வாடை தெரியவில்லை, மருந்தில் அவள் மூக்கும் அடைத்திருந்தது. ஒரு நாள் அக்காவைக் குனியச் சொன்னாள்.

“அண்ணி, உண்மையச் சொல்லுங்க. எம்மேல நாத்தம் அடிக்குதா?”

“இல்லம்மா.”

“எல்லாரும் மூஞ்சியத் திருப்பிக்கிறாங்க.”

“அவங்க கெடக்குறாங்க. மருந்து வாடை அது. நான் இங்கதானே ஒக்காந்திருக்கேன், எனக்குத் தெரியாதா?”

“உங்க மூக்கு சொன்னா சரி,” என்று சொல்லி அந்தப் பெண் கண்ணை மூடினாள். ஐந்து நாளுக்கப்புறம் அன்றைக்குத்தான் அயர்ந்து தூங்கினாளாம்.

அந்த வாரமே விசாரணை நடந்தது. அரசாங்கத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். நிதானமானவர், யாரையும் அதட்டவில்லை. எங்கள் அலுவலக அறையில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். வாடை வந்ததா என்றால் எல்லோரும் ஒரே பதில்தான்: அக்கா ஒண்ணும் சொல்லலிங்க. கடைசியில் அக்கா வந்து நின்றாள். கழற்றியவர்கள் மேல் பழியைப் போட்டிருக்கலாம், அன்றைக்குச் சளி என்று சொல்லியிருக்கலாம். அவள் நேராகச் சொன்னாள்.

“எனக்கு மூக்கு செத்துப்போயி ரெண்டு வருஷத்துக்கு மேல ஆவுதும்மா.”

அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். முதலுதவிப் பெட்டியிலிருந்து ஸ்பிரிட் பாட்டிலை எடுக்கச் சொல்லி, மூடியைத் திறந்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். அறையின் கோடியில் நின்ற என் கண்ணில் எரிந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு நன்றாக இழுத்தாள், வழக்கம்போல.

“தண்ணியாம்மா?” என்று கேட்டாள்.

அதிகாரி பாட்டிலை மூடினார். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று மெதுவாகக் கேட்டார். லைட்டு இருக்குன்னு நெனச்சேம்மா, அது பச்சையா எரிஞ்சுதே என்றாள் அக்கா. என்னைப் பார்க்கவில்லை. அதிகாரிதான் என் பக்கம் திரும்பினார். அந்தக் கருவி வேலை செய்ததா என்று கேட்டார். மேலாளர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கருவி சாம்பல். தெரிந்தவர்கள் மூன்று பேர், மேலாளரும் மின்சாரம் பார்க்கிறவரும் அது வேலை செய்தது என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள்.

“பொருத்தப்பட்டிருந்ததுங்க,” என்றேன்.

 அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்குக் குடும்பம், கடன், கையெழுத்து என்று காரணங்களை எழுதி எழுதி அடித்துவிட்டேன். பயம். வேறு சொல் இல்லை.

முடிவு வந்தது: மனிதத் தவறு. உடல் தகுதியின்மையை மறைத்ததாக அக்காவை வேலையை விட்டு நீக்கினார்கள். பெரிய நிறுவனம், இந்த நிகழ்வுக்குப் பிறகு பாதுகாப்புத் தரத்தை உயர்த்தியிருப்பதாக ஒரு பக்கம் அச்சிட்டது. அந்தப் பக்கத்தையும் அவர்களுக்கு நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

விசாரணையில் அவள் சொன்னது மருத்துவமனைக்குப் போய்ச் சேர ஒரு நாள் ஆனது. வீட்டுக்காரர்தான் வாசலில் நின்று தங்கையிடம் சொன்னார், துண்டுக்குள்ளிருந்து.  அண்ணி உள்ள வர வேண்டாம் என்றாள் அந்தப் பெண். தீ பட்டதைவிட, நாத்தம் இல்லை என்று சொன்னதுதான் அவளை அறுத்திருக்க வேண்டும். அக்கா வெளியே வந்தாள். நடைவழி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். ஒன்பது நாள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். உள்ளே ஒரு ஆள் நிலைக்கவில்லை. கூலிக்கு வைத்த பெண் அரை நாளில் ஓடிவிட்டாள். கூப்பிட்டால் தாதி வர நேரமாகும், அதுவரை அவள் தண்ணீருக்குக் கத்துவது வெளியே கேட்கும். அக்கா எழுந்து கதவு வரை போய்த் திரும்பி வந்து உட்காருவாள்.

பத்தாவது நாள் நான் போனேன். மாடிப்படி ஏறும்போதே வாடை வந்தது. அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். வா தம்பி என்றாள். சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டேன், சுற்றி வளைக்காமல். அந்த லைட்டு வேலை செய்யலக்கா, எனக்கு மொதல்லேருந்தே தெரியும் என்றேன்.

அவள் கையில் அந்தப் பெண்ணின் தண்ணீர்ப் பாட்டில் இருந்தது. மூடியைத் திருகித் திறந்தாள், திரும்ப மூடினாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அன்னிக்கு நீ இல்லன்னு சொல்லியிருந்தா,” என்றாள், “அவள நான் அங்க நிக்க விட்டிருக்க மாட்டேன் தம்பி.”

 உள்ளே அந்தப் பெண் யாரையோ கூப்பிட்டது கேட்டது. தாதி போய்க் கதவைத் திறந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு, என்ன வேணும் என்று கேட்டாள். உள்ளிருந்து வந்த குரல் கரகரவென்று இருந்தது, ஆனால் ஒவ்வொரு சொல்லும் எங்களுக்குக் கேட்டது.

“அண்ணிய வரச் சொல்லுங்க. அவங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியாதே.”

அது மன்னிப்பா, ஏச்சா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அக்கா அதை யோசித்ததாகத் தெரியவில்லை. பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அதற்கப்புறம் நாத்தனார் பதினாறு நாள்தான் உயிரோடு இருந்தாள், பதினாறு நாளும் அக்கா அந்தக் கட்டிலை விட்டு நகரவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். அன்றைக்கு அவள் உள்ளே போனபோது கதவு முழுதாகச் சாத்தவில்லை. முகத்தில் எந்தத் துணியும் இல்லாமல், கட்டிலில் போய் உட்கார்ந்து, அந்தப் பெண்ணின் வாயோடு காதை வைத்துக் கேட்டு, தலையை ஆட்டினாள். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே நின்றேன்.